நாலு வயதுக்காரனை வைத்துக்கொண்டு ஒரு கொட்டாரமும் ஒரு கோட்டையும்

குமரி மாவட்டத்தில் கருங்கல் என்ற ஊரில் தையல் கடை வைத்திருக்கிறேன். பள்ளிக்கூடம் திறக்கும் மாதங்களில் எனக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. கிறிஸ்துமஸுக்கு முன்னால் ராத்திரியும் கிடையாது. அதனால் பிள்ளைகளை எங்காவது கூட்டிக்கொண்டு போவதென்றால் பணத்தைவிட நாளைத்தான் முதலில் கணக்குப் பார்ப்பேன். பணம் போனால் நாலு பிளவுஸ் தைத்து எடுத்துவிடலாம். நாள் போனால் போனதுதான்.

பத்மநாபபுரம் கொட்டாரத்தை, அதாவது தக்கலைப் பக்கம் இருக்கும் திருவிதாங்கூர் ராஜாக்களின் அரண்மனையை, பற்றி எழுதுகிறவர்கள் ராஜா பெயர்களையும் மரவேலையையும் நிறைய எழுதியிருக்கிறார்கள். கையில் ஒரு நாலு வயதுப் பையனும், கூடவே ஏழு வயதுப் பெண்ணும், முட்டுவலிக்கார மாமியாரும் இருந்தால் அங்கே என்ன நடக்கும் என்று யாரும் எழுதவில்லை. அதற்காகத்தான் இது.

பெங்களூரில் இருக்கும் நாத்தனாரின் பிள்ளைகள் ஏதோ ஒரு தீம் பார்க்கில் இளவரசி கோட்டைக்கு முன்னால் நின்று எடுத்த படம் வாட்ஸ்அப்பில் வந்தது. அன்றிலிருந்து வீட்டில் ஒரே வெப்ராளம். கோட்டை வேண்டும், ராஜா வேண்டும், சுரங்கம் வேண்டும். மஸ்கட்டில் இருக்கும் அவங்க அப்பாவிடம் வீடியோ காலில் அழுது, அவர் என்னிடம், "எங்கயாவது கூட்டிட்டுப் போயேன்" என்று சொல்லும் அளவுக்கு ஆகிவிட்டது.

அப்படிப்பட்ட பூங்கா ஒன்றுக்கு நாங்கள் ஏற்கெனவே போயிருக்கிறோம். பெயர் வேண்டாம். வாசலில் நீலமும் ரோஸுமாகக் கூம்புக் கோபுரம் வைத்த கோட்டை. பின்பக்கம் போய்ப் பார்த்தால் கம்பியும் தகரமும். டிக்கெட் எடுக்கும் இடத்தில் பிள்ளைகளை உயரம் பார்க்கிறார்கள். என் மகன் 101 சென்டிமீட்டர். இஞ்சு டேப் எப்போதும் என் கைப்பையில் கிடக்கும், நானே அளந்தது. டிக்கெட் வாங்க அந்த உயரம் போதும், ராட்டினத்தில் ஏற அந்த உயரம் போதாது. காசு கொடுத்து உள்ளே போய், மற்ற பிள்ளைகள் சுற்றுவதைக் கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டு வந்தான். கொடுமை என்னவென்றால், வேடம் போட்டு நின்ற கரடியைப் பார்த்துப் பயந்து ராத்திரி முழுக்கத் தூங்கவும் இல்லை.

இந்தத் தடவை அதனால் தக்கலை. நம் மாவட்டத்துக்காரர்களுக்கு இந்தக் கொட்டாரம் ஒரு தனி ரகம். பள்ளியில் இருந்து ஒருமுறை சுற்றுலா போயிருப்போம், அப்புறம் வெளியூரில் இருந்து விருந்தாள் வந்தால்தான் போவோம். நம் பிள்ளைகளுக்காக என்று யாரும் கிளம்புவதில்லை. ஆனால் உண்மையான ராஜா உட்கார்ந்த நாற்காலியும் உண்மையான சுரங்கப் பாதையும் பஸ் போகும் தூரத்தில் இருக்கும்போது பெங்களூர் எதற்கு?

சனிக்கிழமை போனோம். திங்கள்கிழமை விடுமுறை, அதை முதலில் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். காலை 9 மணிக்குத் திறக்கிறார்கள், மதியம் ஒரு மணி நேரம் சாப்பாட்டு இடைவேளை. பிள்ளைகளோடு போகிறவர்கள் 9 மணிக்கே வாசலில் நிற்பது நல்லது. பத்தரைக்கு மேல் சுற்றுலா பஸ்கள் வரத் தொடங்கும், அப்புறம் குறுகலான மாடிப்படிகளில் முன்னால் இருப்பவர் முதுகைத்தான் பார்க்கலாம். நவம்பர் முதல் ஜனவரி வரை பள்ளிச் சுற்றுலாவும் சபரிமலைக்குப் போய்வருகிறவர்களும் சேர்ந்துவிடுவார்கள். கருங்கலில் இருந்து தக்கலைக்கு டவுன் பஸ், எனக்கும் மாமிக்கும் டிக்கெட் இல்லை. தக்கலையில் இறங்கி ஆட்டோ பிடித்தால் இரண்டு கிலோமீட்டருக்குள்தான். கோட்டைச் சுவருக்குள் ஆட்டோ நுழைந்ததுமே இளையவன் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டான்.

வாசலில் எழுத்தெல்லாம் மலையாளத்திலும் இருப்பதைப் பார்த்து மூத்தவள், "நம்ம கேரளாவுக்கு வந்துட்டோமா?" என்றாள். 1956 நவம்பர் 1-ல் குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது, கொட்டாரம் மட்டும் கேரளத் தொல்லியல் துறையின் பொறுப்பிலேயே தங்கிவிட்டது. ஆக, இது தமிழ்நாட்டு மண்ணில் கேரளா பார்த்துக்கொள்ளும் வீடு. இதை அவளுக்கு விளக்கி முடிப்பதற்குள் செருப்பைக் கழற்றி வைக்கும் இடம் வந்துவிட்டது. உள்ளே வெறுங்காலோடுதான் நடக்க வேண்டும். காலுறை போட்டுவிட்டால் அந்தத் தரையில் வழுக்கும், அதையும் கழற்றிவிடுங்கள்.

நான் வீட்டிலேயே ஒரு முடிவு செய்திருந்தேன். ராஜாக்கள் பெயர், ஆண்டு, எந்தக் கட்டடம் யார் கட்டியது, இதெல்லாம் பிள்ளைகளிடம் சொல்லப்போவதில்லை. அவர்களுக்குக் கதையில் வருகிற பொருள்கள்தான் வேண்டும்: விளக்கு, கட்டில், சுரங்கம், கூண்டு, ஊஞ்சல். அதைத் தேடிப் போவோம், மற்ற அறைகளை நடந்து கடப்போம். இந்தக் கொட்டாரம் பிள்ளைகளுக்குப் பிடிப்பதும் பிடிக்காததும் இந்த ஒரு விஷயத்தில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. அன்று எங்களுக்கு முன்னால் போன ஒரு குடும்பத்தில் அப்பா ஒவ்வொரு பலகையையும் சத்தமாக வாசித்துக்கொண்டு போனார். அவர் மகன் மூன்றாவது அறையிலேயே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

முதலில் பூமுகம், அதாவது வாசல் முகப்பு மண்டபம். அங்கே கூரையில் இருந்து ஒரு பித்தளைக் குதிரை விளக்கு தொங்குகிறது. அதன் சங்கிலி அமைப்பு என்னவென்றால், விளக்கை எந்தப் பக்கம் திருப்பி விட்டாலும் அந்தப் பக்கமே நிற்குமாம், தானாகச் சுழன்று திரும்பாது. இளையவன் விளக்கை எங்கே பார்த்தான், குதிரையைத்தான் பார்த்தான். "பாட்டி, குதிரை பறக்குது. கீழ இறங்காதா?" மாமி, "ராஜா வந்தாதான் இறங்கும் மக்களே" என்று சொல்லிவைத்தார். அதிலிருந்து ஒவ்வொரு அறையிலும் ராஜா எப்போது வருவார் என்ற கேள்விதான்.

பூமுகத்தின் மரக்கூரையை மட்டும் நான் அவசரப்படாமல் பார்த்தேன். 90 பூக்கள் செதுக்கியிருக்கிறார்கள், ஒன்றுபோல் இன்னொன்று இல்லை. மூத்தவளிடம், "ஒரே மாதிரி ரெண்டு பூ கண்டுபிடிச்சா ஐஸ்கிரீம்" என்று பந்தயம் கட்டினேன். கழுத்தை அண்ணாந்துகொண்டு அவ்வளவு நேரம் அவள் அசையாமல் நின்றதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. எனக்கும் அந்த நேரம் பயன்பட்டது. ஆரி வேலைக்கு டிசைன் கேட்டு வருகிற பெண்கள் போனில் காட்டுவதெல்லாம் ஒரே நாலு பூ. இங்கே தலைக்கு மேல் 90 கிடக்கிறது. இதழ் மடியும் இடத்தில் உளி எங்கே திரும்பியது என்பதைக்கூடப் பார்க்கலாம். படம் எடுக்கக் கேமராவுக்குத் தனிச் சீட்டு வாங்க வேண்டும். வாங்கினேன், வீண் இல்லை.

பூமுகத்துக்கு மேலே மந்திரசாலை, ராஜா ஆலோசனை நடத்திய கூடம். ஏறும் படி செங்குத்து, பலகை தேய்ந்து வழவழப்பாக இருக்கிறது. இளையவனை முன்னால் ஏறவிட்டுப் பின்னாலேயே நான் ஏறினேன், இறங்கும்போது நான் முன்னால். மாமி கைப்பிடியைப் பிடித்து, ஒரு படிக்கு இரண்டு காலும் வைத்து, பைய ஏறி வந்துவிட்டார். மேலே தரை கருப்பாக, முகம் தெரிகிற மாதிரி மின்னுகிறது. சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, செடிகளின் சாறு எல்லாம் சேர்த்துப் போட்ட தரை என்று அங்கே நின்ற ஊழியர் சொன்னதும் மூத்தவள் உடனே, "அப்போ மஞ்சக்கருவெல்லாம் யாரு தின்னா?" என்று கேட்டாள். அவர் சிரித்துவிட்டார். எனக்கும் இத்தனை வருஷம் அது தோன்றவில்லை. சன்னல்களில் வண்ண மைக்காத் தகடு பதித்திருக்கிறார்கள், வெயில் உள்ளே வரும்போது சூடு குறைந்து வரும். வெளியே அப்போதே வியர்த்தது, உள்ளே விசிறி இல்லாமல் நின்றோம்.

அங்கங்கே நிற்கிற ஊழியர்களைப் பற்றி ஒரு வார்த்தை. கேட்டால் நன்றாகச் சொல்கிறார்கள், பாதி தமிழ், பாதி மலையாளம். நம் காதுக்கு அது ஒன்றும் புதிது இல்லை. குழந்தை கேட்டால் பெரியவர்கள் கேட்பதைவிடக் கூடுதலாகச் சொல்கிறார்கள். அதனால் கேள்வியைப் பிள்ளைகள் வாயால் கேட்க வைத்தேன்.

ஊட்டுப்புரை பெரிய நீளமான கூடம், இரண்டு தளம். ஒரு தளத்தில் ஆயிரம் பேர், ஆக ஒரே நேரத்தில் 2000 பேர் இலை போட்டுச் சாப்பிட்ட இடம். பிள்ளைகளுக்கு 2000 என்பது வெறும் எண். "நம்ம கோயில் திருவிழாவுல அன்பின் விருந்து போடும்போது வர்ற கூட்டம் ஒரே நேரம் உட்கார்ந்தா எப்படி இருக்கும்?" என்று சொன்னதும்தான் மூத்தவள் அந்தக் கடைசி வரைக்கும் கண்ணை ஓட்டினாள். ஊறுகாய் போட்டு வைத்த சீனப் பரணிகள் அங்கே உண்டு. இளையவன் ஒரு பரணிக்கு முன்னால் குனிந்து, "உள்ள யாராவது ஒளிச்சிருக்காவளா?" என்றான். பசி வந்துவிட்டது என்பதும் அங்கேதான் தெரிந்தது. உள்ளே வைத்துச் சாப்பிட முடியாது. ஆகவே காலையில் பிள்ளைகளின் வயிற்றை நன்றாக நிரப்பிவிட்டு உள்ளே நுழையுங்கள்.

தாய்க் கொட்டாரம்தான் எங்களுக்கு இந்த நாளின் உச்சம். இருப்பதிலேயே பழைய பகுதி இது. நடுவில் முற்றம் வைத்த நாலுகெட்டு, தாழ்ந்த கூரை, தாழ்ந்த வாசல். பெரியவர்கள் குனிய வேண்டும், பிள்ளைகள் நிமிர்ந்து போகலாம். இந்த ஒரு விஷயத்துக்காகவே இளையவன் அந்த வீட்டைத் தன் வீடாக்கிக்கொண்டான். உயரம் பார்த்து அவனை வெளியே நிறுத்திய பூங்காவின் ஞாபகம் எனக்கு வந்தது. ஏகாந்த மண்டபத்தில் பலாமரத்தில் கடைந்த தூண் ஒன்று நிற்கிறது, மேலிருந்து கீழ்வரை அவ்வளவு நுணுக்கம். மாமி அதன் முன்னால் நின்றுவிட்டார். "நம்ம வீட்டுப் பிலாவு காத்துல விழுந்தப்ப அறுத்து விறகாக்குனோமே" என்று கொஞ்ச நேரம் வருத்தப்பட்டார்.

அப்புறம் சுரங்கம். ஆபத்து வந்தால் ராஜ குடும்பம் தப்பிப்போக, தாய்க் கொட்டாரத்தில் இருந்து சாரோடு கொட்டாரத்துக்கு ஒரு ரகசியப் பாதை இருந்ததாம். இப்போது அடைத்துவிட்டார்கள். போக முடியாது என்பதுதான் அதன் கவர்ச்சியே. இளையவன் அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டு வரமாட்டேன் என்றான். மூத்தவளுக்குச் சாரோடு என்ற பெயர் ஏற்கெனவே தெரியும், என் கடைக்கு பிளவுஸ் தைக்க வருகிற ஒரு அக்கா அந்த ஊர்தான். "அம்மா, இந்த வழியா போனா அந்த அக்கா வீட்டுக்குப் போயிரலாமா?" என்றாள். கதையில் வருகிற சுரங்கம் எங்கோ காட்டுக்குள் போய் முடியும். எங்கள் சுரங்கம் வாடிக்கையாளர் வீட்டில் போய் முடிந்தது. பெங்களூர்க் கோட்டைக்கு இது கிடைக்குமா?

உப்பரிகை மாளிகைக்கு நாலு தளம். மேல்தளம் பத்மநாப சுவாமிக்கானது, சுவரெல்லாம் ஓவியம் என்பார்கள், பார்வையாளரை அங்கே விடுவதில்லை. ராஜாவின் கட்டில் மட்டும் பார்த்தோம். அறுபதுக்கும் மேற்பட்ட மூலிகை மரங்களைச் சேர்த்துச் செய்த கட்டில், டச்சுக்காரர்கள் கொடுத்ததாம். இளையவனுக்கு ஏமாற்றம். "மெத்தையே இல்ல. ராஜா பாவம்." மூத்தவள் அந்த மரங்களில் எது எது நமக்குத் தெரியும் என்று பாட்டியைத் துளைத்துக்கொண்டே வந்தாள்.

வெளியே ஒரு உருண்டைக் கல்லை மேடை மேல் வைத்திருக்கிறார்கள். 38 கிலோ இருக்கும் என்கிறார்கள். படையில் சேர வருகிறவன் அதை 100 தடவை தலைக்கு மேல் தூக்கிக் காட்ட வேண்டுமாம். இதை மட்டும் பிள்ளைகளிடம் இரண்டு முறை சொல்ல வேண்டி வந்தது. இளையவன் காற்றிலேயே கல்லைத் தூக்கி, பதினொன்று வரை எண்ணி, அதற்கு மேல் எண் தெரியாததால் படையில் சேர்ந்துவிட்டதாக அறிவித்தான்.

ஒரு எச்சரிக்கை. காட்சிக்கு வைத்திருக்கும் பொருள்களில் ஆள் உருவத்தில் ஒரு இரும்புக் கூண்டு இருக்கிறது. குற்றவாளியை அதில் அடைத்து உயிர் போகும்வரை தொங்கவிடுவார்களாம். பெரிய பிள்ளைகளுக்கு அது பேசுவதற்கு உரிய விஷயம்தான், ராஜா என்றால் எல்லாம் பட்டும் கிரீடமும் இல்லை என்பதும் தெரிய வேண்டும். நாலு வயதுக்கு வேண்டாம். நான் இளையவனை மாமியோடு குளத்தைப் பார்க்க அனுப்பிவிட்டேன். மூத்தவள் பார்த்தாள், ஒன்றும் பேசவில்லை. ராத்திரி படுத்த பிறகு, "அந்த ஆளு என்ன களவு செஞ்சிருப்பான்?" என்று கேட்டாள்.

அந்தப்புரத்தில் இரும்புச் சங்கிலி கட்டிய ஊஞ்சல் உண்டு, பெரிய நிலைக்கண்ணாடிகளும் உண்டு. ஊஞ்சலைக் கண்டதும் ஓடினான். உட்காரக் கூடாது. அதோடு அழுகை. இதைக் குறை என்று சொல்ல மாட்டேன், தொட்டுப் பார்க்க விட்டிருந்தால் என் பிள்ளைகள் பார்க்க அங்கே ஒன்றும் மிஞ்சியிருக்காது. ஆனால் சின்னப் பிள்ளைக்கு, கண்ணால் மட்டும் பார் என்று சொல்கிற நாள் ஒரு அளவுக்கு மேல் தாங்காது. எங்களுக்கு அந்த அளவு இரண்டு மணி நேரத்தில் வந்தது. யானை அம்பாரி மாதிரி முன்னால் நீட்டிக் கட்டிய அம்பாரி முகப்பில் இருந்து தெருவை எட்டிப் பார்த்ததும் கொஞ்சம் சமாதானம் ஆனான். ராஜா அங்கே இருந்துதான் ஊர்வலம் பார்ப்பாராம். நவராத்திரி மண்டபத்தை வேகமாகக் கடந்தோம். கல்தூண்களுக்கு நடுவே மின்னுகிற அந்தக் கருப்புத் தரையில் ஆட வேண்டும் என்று மூத்தவளுக்கு ஆசை. மரச் சட்டத்துக்குப் பின்னால் இருந்து ராணிகள் நாட்டியம் பார்த்த இடத்தை அவளுக்குக் காட்டினேன், "அவங்க ஏன் வெளிய வந்து பாக்கல?" என்றாள். நல்ல கேள்வி, பதில் சொல்ல நேரம் இல்லை.

வெளியே வந்து வீட்டில் இருந்து கொண்டுபோன இட்லியும் மட்டிப்பழமும் சாப்பிட்டோம். சாயா குடிக்கப் போன ஒரு கடையில் பிள்ளைகளுக்குக் கேட்ட தோசை வரவே இல்லை, மூன்றாவது முறை கேட்டபோது மாவு தீர்ந்துவிட்டது என்றார்கள். சாப்பாடு கையில் கொண்டு போங்கள், அவ்வளவுதான்.

மிச்சம் பாதி நாளைக்குத்தான் புலியூர்க்குறிச்சி. நெடுஞ்சாலை ஓரமாகவே உதயகிரிக் கோட்டையின் மதில் நிற்கிறது. பஸ்ஸில் போகும்போது எத்தனையோ தடவை கடந்திருப்போம். உள்ளே வனத்துறை பல்லுயிர்ப் பூங்கா வைத்திருக்கிறது. மான்கள், பறவைகள், மூலிகைத் தோட்டம், மரவீடு, பெரிய மரங்கள். முக்கியமாக, ஓடலாம், கத்தலாம். இளையவன் கொட்டாரத்தில் அடக்கி வைத்ததையெல்லாம் இங்கே அவிழ்த்துவிட்டான். மான் கூண்டுக்கு முன்னால் அவன் நின்ற நேரம், பத்மநாபபுரம் முழுவதிலும் அவன் நின்ற நேரத்தைவிட அதிகம். கயிற்றுப் பாலம் போன்ற சில விளையாட்டுகள் பெரிய பிள்ளைகளுக்கானவை, அங்கே அவன் கவனத்தைத் திருப்ப வேண்டியிருந்தது. ஆனால் இவன் வயதுக்குப் பிடித்ததற்கு இங்கே பஞ்சமில்லை.

இரண்டையும் ஒரே நாளில் வையுங்கள், கொட்டாரம் காலையில், கோட்டை மதியத்துக்கு மேல். தலைகீழாக வைத்தால், ஓடி விளையாடிய பிள்ளையை வெறுங்காலோடு வரிசையில் நடக்க வைக்க முடியாது.

கோட்டைக்குள் கூரையில்லாத ஒரு பழைய தேவாலயச் சுவருக்கு நடுவே ஒரு கல்லறை உண்டு. ஓடிக் களைத்துத் தண்ணீர் குடிக்க உட்கார்ந்தபோது அந்தக் கதையைச் சொன்னேன். கடல் தாண்டிக் கப்பலில் டச்சுப் படை வந்தது. 1741-ல் குளச்சலில் திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மாவின் படையோடு சண்டை. டச்சுக்காரர்கள் தோற்றுப் பிடிபட்டார்கள். பிடிபட்டவர்களில் ஒருவர் டிலனாய். ராஜா அவரைச் சிறையில் வைத்து வீணாக்காமல் தன் படைக்குப் பயிற்சி கொடுக்க வைத்தார். இந்தக் கோட்டையை அவர் மேற்பார்வையில் புதுப்பித்துக் கட்டினார்கள், இதற்குள்ளேயே பீரங்கி வார்த்தார்கள். எதிரியாக வந்தவர் வலிய கப்பித்தான், அதாவது பெரிய தளபதி, ஆனார். 1777-ல் இறந்து இங்கேயே அடக்கமானார்.

"நம்ம மீன் வாங்குற குளச்சலா?" என்றாள் மூத்தவள்.

"அதே குளச்சல்தான்."

"கட்டில் குடுத்ததும் இவங்கதானே, சண்டைக்கு வந்ததும் இவங்கதானா?"

காலையில் பார்த்த கட்டிலையும் மதியம் பார்த்த கல்லறையையும் அவளே முடிச்சுப் போட்டுவிட்டாள். நான் பலகை எதையும் வாசிக்கவில்லை. கல்லறையில் லத்தீனிலும் தமிழிலும் எழுதியிருக்கிறது. பழைய தமிழ் எழுத்தைக் கூட்டிக் கூட்டிப் படிக்கப் பார்த்தாள், இரண்டு எழுத்துக்கு மேல் பொறுமை இல்லை.

மாமிக்குக் கல்லறை வேறு ஒரு காரணத்துக்காக முக்கியம். மார்த்தாண்ட வர்மாவின் அதிகாரியாக இருந்த நீலகண்டபிள்ளைக்கு இயேசுவைப் பற்றிச் சொன்னவர் இந்த டிலனாய்தான். அந்த நீலகண்டபிள்ளைதான் பின்னால் தேவசகாயம் பிள்ளை, 2022 மே 15-ல் வத்திக்கானில் புனிதராக அறிவிக்கப்பட்டவர். அவரைக் கட்டி இழுத்துக்கொண்டு போனபோது தாகத்துக்கு முழங்கையால் பாறையில் முட்ட, தண்ணீர் வந்தது என்று நம்புகிற முட்டிடிச்சான் பாறை புலியூர்க்குறிச்சியிலேயே இருக்கிறது. சாயங்காலம் அங்கே போய் மெழுகுதிரி ஏற்றினோம். காலையில் இருந்து முட்டுவலி என்று சொல்லிக்கொண்டிருந்த மாமி அங்கே எல்லோருக்கும் முன்னால் நடந்தார். மூன்று தலைமுறைக்கும் ஒரே நாளில் ஏதாவது ஒன்று கிடைக்கிற இடம் நம் பக்கத்தில் இதைவிட இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

எதிர்ப்புறம் சொல்ல வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். ராட்டினம், பாட்டுச் சத்தம், வேடம் போட்ட பொம்மை, இதுதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிற பிள்ளைக்கு இந்த நாள் பிடிக்காது. நடக்கத் தொடங்காத கைக்குழந்தையோடு போனால் இடுப்பிலேயே சுமக்க வேண்டும், தள்ளுவண்டி எந்தப் படியிலும் ஏறாது. முட்டு மிகவும் மோசமான பெரியவர்கள் மாடிகளை விட்டுவிட்டுக் கீழ்த்தளத்தோடு திருப்திப்பட வேண்டியிருக்கும். ஆட்டோவுக்கு ஏறும் முன்பே கூலி பேசிவிடுங்கள். புலியூர்க்குறிச்சிக்கு எங்களைக் கொண்டுவிட்டவர் இறங்கும்போது வேறு தொகை சொன்னார், மாமி போட்ட சத்தத்தில் பழைய தொகைக்கே இறங்கிவந்தார்.

செலவு? நுழைவுச் சீட்டு, கேமரா, ஆட்டோ, ஐஸ்கிரீம் எல்லாம் சேர்த்தும், முன்பு போன பூங்காவில் ஒரு பெரியவருக்குக் கொடுத்த தொகையைத் தொடவில்லை. ஐஸ்கிரீம் ஏன் என்றால், ஒரே மாதிரி இரண்டு பூவைக் கண்டுபிடித்துவிட்டதாக மூத்தவள் சாதித்தாள். இல்லை என்று நிரூபிக்க எனக்குக் கழுத்து வலித்தது. மார்க் போடச் சொன்னால், சுரங்கத்துக்கும் மானுக்கும் ஐந்துக்கு ஐந்து, ஊஞ்சலுக்குப் பூஜ்யம். இது இளையவன் போட்டது. மூத்தவள் பூமுகத்துக்கு மட்டும் ஐந்து போட்டு, மற்றதற்கெல்லாம் நாலு என்றாள். நான் மொத்தமாக நாலரை போடுவேன்.

நவராத்திரிக்கு முன்னால் விக்கிரகங்கள் புறப்படுகிற நாளில் போகலாமா என்று என் கடையில் ஒருவர் கேட்டார். கொட்டாரத்தில் தேவாரக்கட்டு என்ற பூஜையிடத்தில் இருக்கும் சரஸ்வதி விக்கிரகம் யானை மேல் ஏறி, வேளிமலைக் குமாரசுவாமியும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் கூட வர, திருவனந்தபுரத்துக்குப் புறப்படுகிற நாள் அது. உப்பரிகை மாளிகையில் ராஜாவின் உடைவாளைக் கைமாற்றிக் கொடுப்பார்கள். பார்க்க வேண்டியதுதான், ஆனால் கூட்டத்தில் பிள்ளையைத் தோளில் ஏற்ற ஒரு ஆண்பிள்ளை வேண்டும். அன்றைக்குக் கட்டிலையும் சுரங்கத்தையும் நின்று நிதானமாகக் காட்ட முடியாது, யானையை மட்டும் காட்டிவிட்டு வாருங்கள்.